சம்பளம் வாங்காத மாலுமிகள்

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி, கடலில் ஒரு வைரக்கல்லைப் போட்டு வைத்தாற்போல் கிடக்கிறது வைட் தீவு. அதன் வடமுனையில் கௌஸ் என்றொரு சிறு துறைமுகம். ஆண்டுக்கொரு முறை, கோடைக் காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், பொழுது விடிவதற்கு முன்பே அந்த ஊர் விழித்துக்கொள்கிறது. ரொட்டிப் பொட்டலமும் தேநீர்க் குடுவையும் கையிலேந்தி, ரப்பர் பூட்ஸும் மழைச்சட்டையும் அணிந்து, ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் படகுத்துறைக்கு வருகிறார்கள். இவர்கள் யார்? மாலுமிகளா? அன்று ஒரு நாளைக்கு மாலுமிகள்தாம். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் ஒருவர் பல் பிடுங்கிக்கொண்டிருப்பார். ஒருவர் பாங்கியில் கணக்கெழுதிக்கொண்டிருப்பார். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு இவர்கள் செய்யப்போவது, பாய்மரப் படகில் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருவது. சுற்றளவு 50 கடல் மைல். நம் கணக்கில் சுமார் 93 கிலோமீட்டர். 2008-ஆம் ஆண்டு இந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த படகுகள் 1,800-க்கும் மேல். படகுக்குச் சராசரி ஆறு பேர் என்று வைத்துக்கொண்டாலும் பதினாயிரம் பேர் ஆகிறது. ஒரு சின்ன நகரமே கடலில் இறங்கிவிட்டது என்று சொல்லலாம். ஒரு சிலரைத் தவிர இவர்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது, படிப்பணம் கிடையாது. பெரும்பாலோர் தம் செலவில் வந்து, தம் செலவில் நனைந்து, தம் செலவில் திரும்பிப் போகிறவர்கள்.

இந்தத் தீவைச் சுற்றிப் பந்தயம் ஓடுவது புதிதல்ல. 1851-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் தேதி 'அமெரிக்கா' என்ற படகு அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்து, இதே தீவைச் சுற்றி இங்கிலாந்தின் படகுகளையெல்லாம் தோற்கடித்து ஒரு வெள்ளிக் குடுவையைத் தட்டிக்கொண்டு போயிற்று. 'அமெரிக்கா கோப்பை' என்று உலகமெல்லாம் பேசுகிறார்களே, அது அந்தக் குடுவைதான். ஆனால் அது சீமான்களின் பந்தயம். இன்றைக்கோ அது கோடிகளைக் கொட்டி, தண்ணீரைத் தொடாமல் இறக்கைகளின்மேல் எழும்பிப் பறக்கும் யந்திரம் போன்ற படகுகளில், சம்பளம் வாங்கும் பலசாலிகள் நடத்தும் காரியமாகிவிட்டது. வேடிக்கை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நாமும் ஒரு நாள் அப்படி ஓட்டலாம் என்ற எண்ணம் மட்டும் பார்ப்பவனுக்கு வராது.

சனிக்கிழமைப் பந்தயம் வேறு ஜாதி. 1931-ல் மேஜர் சிரில் விண்ட்லர் என்பவர், சிறு படகுகளுக்கென்று ஒரு பந்தயம் வேண்டுமென்று ஆசைப்பட்டு இதைத் தொடங்கி வைத்தார். முதல் ஆண்டில் வந்த படகுகள் 25. ஜெயித்தது எது தெரியுமா? 22 அடி நீளமுள்ள ஒரு பழைய மீன்பிடி படகு! பீட்டர் பிரெட் என்பவர் ஓட்டிய 'மெர்ரி கன்சீட்'. ரோமானியக் கிண்ணம் ஒன்றின் மாதிரியில் செய்த தங்கக் கிண்ணம் அந்த மீன் படகுக்குப் போய்ச் சேர்ந்தது.

மீன் படகு எப்படிப் பெரிய படகை ஜெயிக்கும் என்ற கேள்வி நியாயமானது. நீளமான படகு வேகமாகப் போவது தண்ணீரின் தர்மம். ஆகையால் ஒவ்வொரு படகுக்கும் அதன் நீளம், எடை, பாயின் பரப்பு இவற்றைப் பார்த்து ஓர் எண் கொடுத்து விடுகிறார்கள். கரை சேர்ந்த நேரத்தை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பெரிய படகுக்கு 1.200, சிறிய படகுக்கு 0.850 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியது 7 மணி நேரத்தில், அதாவது 420 நிமிடத்தில் வந்துவிடுகிறது, பெருக்கினால் 504. சிறியது ஆடி அசைந்து 580 நிமிடத்தில் வருகிறது; பெருக்கினால் 493. முன்னால் வந்த பெரியவர் கோட்டை மாற்றிக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபின், இரண்டரை மணி நேரம் கழித்து வந்து சேரும் சின்னவர் அவரை 11 நிமிடத்தில் ஜெயித்துவிடுகிறார்! உலகத்தில் வேறு எந்த விளையாட்டில் கடைக்காரனும் கோடீசுவரனும் ஒரே களத்தில், ஒரே நாளில், ஒரே காற்றில் இப்படி மோத முடியும்?

வேகத்துக்கென்றே வருகிறவர்களும் உண்டு. 2013-ல் ஒலிம்பிக் வீரர் பென் எய்ன்ஸ்லி இந்தத் தீவை 2 மணி 52 நிமிடத்தில் சுற்றி வந்தார். 2017-ல் மூன்று உடல் கொண்ட ஒரு படகு 2 மணி 22 நிமிடத்தில் சுற்றிற்று. எய்ன்ஸ்லி ஓட்டியது இரட்டை உடல் படகு. ஆங்கிலத்தில் அதைக் 'கட்டமரான்' என்பார்கள். நம் கரையோரத்துப் பரதவர்களின் கட்டுமரந்தான் பெயரைக் கடன் கொடுத்திருக்கிறது. வட்டி வந்ததாகத் தெரியவில்லை.

இந்த வேகக்காரர்களால்தான் ஒரு தொல்லை. படகுக்குச் சொந்தக்காரர் பணமுள்ளவராக இருந்தால், பாய் பிடிக்க ஒரு நிபுணர், காற்றைக் கணிக்க ஒரு நிபுணர் என்று கூலி கொடுத்து அமர்த்திக்கொள்ளும் பழக்கம் பெருகிவிட்டது. உலகப் படகோட்டச் சங்கமே மாலுமிகளை அமெச்சூர் என்றும் தொழில்முறையாளர் என்றும் பிரித்துப் பதிவு செய்கிறது. சில வகைப் படகுகளின் பந்தயங்களில் சம்பளக்காரர்களுக்கு வரம்பும் உண்டு. இந்த வரம்பு எல்லா வார இறுதிப் பந்தயத்துக்கும் வரவேண்டும். நிபுணர்மேல் பொறாமையால் சொல்வதல்ல. கூலிக்கு வந்தவன் ஏறும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு நண்பன் இறங்கிக் கரையில் நிற்கிறான். எண்ணைப் போட்டுப் படகின் நீளத்தைச் சமப்படுத்தலாம். பணப்பையின் நீளத்தைச் சமப்படுத்த இதுவரை யாரும் எண் கண்டுபிடிக்கவில்லை.

வேறொரு காரணமும் இருக்கிறது. கால்பந்தில் ஊதல் ஊத ஒருவர் இருக்கிறார். கடலில் நூற்றுக்கணக்கான படகுகளுக்கு நடுவே ஊதல் எங்கே ஊதுவது? பாயின் இடப்புறம் காற்று வாங்கும் படகு, வலப்புறம் காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். விடத் தவறினால், தவறியவன் தானே ஒதுங்கிப் போய்த் தன் படகை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மறுபடி ஓட வேண்டும். எல்லைக்குறியைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. யாரும் பார்க்காவிட்டாலும் சுற்ற வேண்டும். குற்றவாளியே நீதிபதியாகவும் இருக்கும் விளையாட்டு இது. ஜெயித்தால்தான் அடுத்த மாதச் சம்பளம் என்றிருப்பவனை இந்த நாற்காலியில் உட்கார வைப்பது அவனுக்கே செய்யும் அநியாயம்.

மாமா, மச்சான், ஆபீஸ் தோழன்

சரி, நிபுணர் வேண்டாம். நண்பர்களோடுதான் போக வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த நண்பர்களின் யோக்கியதையையும் சற்றுப் பார்க்க வேண்டும் அல்லவா?

நம் ஊர் அமெச்சூர் நாடகக் குழுக்களைப் பார்த்தவர்களுக்கு விளங்கச் சொல்ல வேண்டியதில்லை. ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்கு வருவதாகச் சொன்னவர் வரமாட்டார். ராஜா வேஷக்காரருக்குத் திடீரென்று மாமனார் ஊரில் வேலை வந்துவிடும். கடைசியில் திரை தூக்கும்போது வசனம் தெரியாத ஒருவர் மந்திரியாக நின்றுகொண்டிருப்பார். படகுக் கோஷ்டியும் அப்படித்தான். படகுக்காரர் எட்டுப் பேரை அழைத்தால் ஐந்து பேர் வருகிறார்கள். அதில் இருவருக்கு முன்னே பின்னே அனுபவம் உண்டு. ஒருவர் மச்சான். ஒருவர் ஆபீஸ் தோழர். ஒருவர் மச்சானின் சிநேகிதர். கடலை இதுவரை கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறார்.

நாடகத்தில் வசனம் மறந்தால் ஜனங்கள் சிரிப்பார்கள். படகில் வசனம் மறந்தால் பாயின் அடிக்கட்டை மண்டையில் அடிக்கும். பின்காற்றில் ஓடும்போது சுக்கான் சற்றே பிசகினால் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாட்டைபோல் வீசித் திரும்பும். அந்தக் கட்டை வரும் வழியில் தலை இருக்கக் கூடாது. இதை மச்சானின் சிநேகிதருக்கு முந்திய நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்வதில்லை. பந்தயம் தொடங்கியபின், "குனி! குனி!" என்று கூச்சல் போடுகிறார்கள்.

இந்தக் கூச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. கரையில் பரம சாதுவாக இருக்கும் மனிதர் சுக்கானைப் பிடித்ததும் துர்வாசராகி விடுவது படகோட்டிகளிடையே பிரசித்தமான வியாதி. கயிற்றை இழு என்கிறார். எந்தக் கயிறு என்று சொல்வதில்லை. படகிலோ இருபது கயிறு இருக்கிறது. ஒருவர் தவறான கயிற்றை விடுகிறார். இவர் இன்னும் பலமாகக் கத்துகிறார். அவர் பயந்துபோய் இரண்டாவது கயிற்றையும் விட்டுவிடுகிறார். பணம் வாங்கிய மாலுமியானால் சம்பளத்தை நினைத்துப் பொறுத்துக்கொள்வான். விடுமுறை நாளை விட்டுவிட்டு வந்த மனிதர் எதற்காகப் பொறுக்க வேண்டும்? அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார். கூச்சலால் ஒரு படகு வேகமாக ஓடியதாகச் சரித்திரம் இல்லை. கூச்சலால் ஆள் குறைந்து கரையிலேயே கட்டிக்கிடக்கும் படகுகள் எல்லாத் துறைமுகத்திலும் உண்டு.

இந்தப் பந்தயத்தில் நான்கு முறை ஜெயித்தவர் எட்வர்ட் ஹீத். ஐம்பது வயதை எட்டியபோதுதான் பாய்மரக் கலையில் இறங்கினார். 1969-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி-ஹோபார்ட் பந்தயத்தில் வென்றார். 1970-ல் பிரிட்டனின் பிரதம மந்திரியானார். பதவியிலிருந்துகொண்டே 1971-ல் அட்மிரல் கோப்பைக்கான பிரிட்டிஷ் கோஷ்டிக்குத் தலைமை வகித்து ஜெயித்தும் காட்டினார். அவர் சங்கீதக்காரர், வாத்திய கோஷ்டிகளை நடத்தியவர். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, அதை அவரவர் நேரத்தில் செய்யப் பயிற்சி என்ற முறை, பாட்டுக் கச்சேரிக்கும் படகுக்கும் பொதுதான் போலும்.

ஊசிப் பாறைகளின் ஓரத்தில்

கௌஸில் வெடி வெடித்ததும் படகுகள் மேற்கே ஓடுகின்றன. ஹர்ஸ்ட் முனையில் கடல் குறுகி, கடல் நீரோட்டம் ஆற்று வெள்ளம்போல் பாய்கிறது. அது துணைக்கு வரும் நேரம் பார்த்தே பந்தயத்தின் மணியைக் குறிக்கிறார்கள். அடுத்து வருவது 'நீடில்ஸ்' என்னும் ஊசிப் பாறைகள். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் மூன்று, கடைசியில் ஒரு கலங்கரை விளக்கம். ஊசிபோல் இருந்த நாலாவது பாறை 1764-ல் ஒரு புயலில் விழுந்துவிட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

அந்தக் கலங்கரை விளக்கத்துக்குச் சற்று வெளியே தண்ணீருக்கடியில் 'வர்வாஸி' என்ற கிரேக்க நீராவிக் கப்பலின் எலும்புக்கூடு கிடக்கிறது. 1947-ல் மோதி உடைந்தது. பாறைக்கும் கப்பலுக்கும் இடையே ஒரு சந்து இருக்கிறது. அதற்குள் புகுந்து போனால் சில நிமிடம் மிச்சம். சுற்றிப்போனால் சில நிமிடம் நஷ்டம். 50 மைல் பந்தயத்தில் சில நிமிடம் என்பது நூறு படகுகளுக்கு முன்னேயா பின்னேயா என்ற விஷயம். எத்தனையோ படகுகள் அந்தச் சந்தில் அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. அப்புறம் தெற்கே செயின்ட் காதரின் முனையில் நீரோட்டமும் காற்றும் எதிரெதிரே மோதிச் சுவர்போல் அலை எழுப்பும். கிழக்கே பெம்பிரிட்ஜ் திட்டு. கடைசியில் வீட்டுவாசல் தெரியும் இடத்தில் ரைட் மணல்மேடு. நீரோட்டத்துக்கு ஒதுங்கிக் கரையோரமாக வந்த கெட்டிக்காரர்கள் மணலில் ஏறி, மற்றவர்கள் கடந்து போவதை உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

மணலில் ஏறினால் மானம்தான் போகும். சந்தில் புகுவது அப்படியல்ல. அங்கே சுக்கானைப் பிடித்திருப்பவர் பணயம் வைப்பது தம் படகை மட்டுமல்ல. மச்சானின் சிநேகிதர் அந்தக் கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டதுகூட இல்லை. அவரைக் கேட்டா முடிவு செய்தார்கள்?

பந்தய விதிகளில் ஒன்று, ஓடுவதா, ஓட்டத்தை நிறுத்துவதா என்ற பொறுப்பு அந்தந்தப் படகையே சேர்ந்தது என்கிறது. படகு என்றால் தலைவர் என்று அர்த்தம். காற்று வலுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ள மாலுமி, "திரும்பலாம்" என்று சொல்லத் தைரியமுள்ளவன். புதிதாக வந்தவன் சொல்லமாட்டான். எது சாதாரணக் காற்று, எது ஆபத்து என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பயந்தாங்கொள்ளி என்ற பெயர் வருமே என்று வாயை மூடிக்கொள்வான். ஆகவே அமெச்சூர் கோஷ்டியின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற தலைவர், மகா பெரிய தப்பு செய்கிறார்.

1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி இதே கௌஸிலிருந்து ஃபாஸ்ட்நெட் பந்தயம் கிளம்பிற்று. தீவைச் சுற்றுவது போன்ற ஒரு நாள் ஓட்டமல்ல. அயர்லாந்தின் தென்முனைப் பாறைவரை போய்த் திரும்பும் நீண்ட ஓட்டம். 303 படகுகள்; பெரும்பாலும் அமெச்சூர்கள். இரண்டு நாள் கழித்து இரவில் பெரும்புயல் பிடித்துக்கொண்டது. போட்டியிட்டவர்களில் 15 பேர் மாண்டார்கள். 24 படகுகளை மாலுமிகள் கைவிட்டு இறங்கினார்கள். பிறகு பார்த்தால், அந்த 24-ல் மூழ்கியவை ஐந்தே ஐந்து. மற்ற 19 படகுகளும் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன! படகைவிட ரப்பர் மிதவை பத்திரம் என்று நம்பி இறங்கிய சிலரை மிதவையே கைவிட்டது. விசாரணை நடந்தது; நீண்ட பந்தயங்களுக்குக் கோஷ்டியே முன்னதாகச் சேர்ந்து இத்தனை மைல் ஓடிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை பின்னால் வந்தது.

ஹீத்தின் சரித்திரத்திலும் ஒரு கறுப்பு இரவு உண்டு. 1974 செப்டம்பரில் அவருடைய மூன்றாவது 'மார்னிங் கிளவுட்' படகை, அவர் இல்லாதபோது, வேறு துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் தென்கரைக்கு அருகிலேயே புயலில் படகு போயிற்று; இரண்டு பேரும் போனார்கள். பந்தயம்கூட அல்ல அது.

கரைக்குப் பக்கத்துப் பந்தயந்தானே, பகல்தானே, சுற்றிலும் நூறு படகு இருக்கிறதே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படகு மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் போகிறது. வேகமென்றே சொல்ல முடியாது, சைக்கிள் இதைவிட வேகமாகப் போகும். ஆனால் அது வினாடிக்கு 3 மீட்டர். ஓர் ஆள் தவறி விழுந்து, மற்றவர்கள் ஒரு நிமிடம் திகைத்து நின்றால், அவர் 185 மீட்டர் பின்னே போய்விட்டார். அலை நடுவே ஒரு தலை அவ்வளவு தூரத்தில் தேங்காய் அளவுகூடத் தெரியாது. கோடையிலும் அந்தக் கடலின் சூடு 15 டிகிரியை ஒட்டித்தான். விழுந்தவுடன் குளிர் தாக்கி மூச்சு இரைக்கும்; அந்த முதல் நிமிடங்களில் வாய்க்குள் தண்ணீர் போகாமல் தலையைத் தூக்கிப் பிடிப்பது மிதவைச் சட்டைதான், நீச்சல் கெட்டிக்காரத்தனம் அல்ல. ஒருவர் வேறெதையும் கவனிக்காமல் விழுந்தவரையே கைநீட்டிக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் மிதவையை எறிய வேண்டும். ஒருவர் பாயை இறக்க வேண்டும். ஒருவர் படகைத் திருப்ப வேண்டும். விழுந்தது தலைவரேயானால்? சுக்கானை யார் பிடிப்பது? இந்தக் கேள்வியைத் துறைமுகத்தில் போய்ப் படகு படகாகக் கேட்டால், பல படகுகளில் பதில் வராது.

பக்கத்துப் படகு உதவும் என்பது உண்மைதான். ஆபத்திலிருப்பவனுக்கு உதவியே தீர வேண்டும் என்பது பந்தய விதிகளில் முதல் விதி. 1988-ல் சியோல் ஒலிம்பிக்கின்போது பூசான் கடலில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்த கனடாக்காரர் லாரன்ஸ் லெமியூ, கவிழ்ந்துபோன சிங்கப்பூர்ப் படகைக் கண்டு திரும்பிப் போய் அவர்களைக் காப்பாற்றினார். ஓட்டம் போயிற்று, மனிதர்கள் பிழைத்தார்கள். அப்படிப்பட்டவர் பக்கத்தில் இருப்பார் என்று நம்பலாம். அவர் வந்து சேரும்வரை என்ன செய்வது என்பதைத்தான் கோஷ்டி தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆகையால் பகல் பந்தயங்களை நடத்துகிற சங்கங்கள், விண்ணப்பத்தில் படகின் நீளத்தையும் பாயின் பரப்பையும் கேட்பதோடு நிற்காமல் இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தக் கோஷ்டியில் பாதிப் பேராவது இதே படகில், இதே தலைவரோடு இரண்டு நாள் ஓடியிருக்கிறார்களா? விழுந்தவரைத் தூக்கும் பயிற்சியை ஒரு முறையாவது, தலைவர் சுக்கானைத் தொடாமல், செய்து பார்த்திருக்கிறார்களா? ஃபாஸ்ட்நெட்டுக்கு வேண்டுமென்று புத்தி வந்ததில் நூற்றில் ஒரு பங்கு, தீவைச் சுற்றுவதற்கும் வரட்டும்.

இப்படி நிபந்தனை போட்டால் கூட்டம் குறையும், வேலைக்குப் போகிறவனுக்கு இரண்டு சனிக்கிழமை ஏது என்று சங்கத்துக் காரியதரிசிகள் ஆட்சேபிப்பார்கள். நியாயமான ஆட்சேபந்தான். ஆனால் இரண்டு சனிக்கிழமை கொடுக்க முடியாத மச்சானின் சிநேகிதர், கரையில் நின்று பார்க்கட்டும். ஊசிப் பாறைகளுக்கு மேலே குன்றின்மீது நல்ல இடம் இருக்கிறது, முழுப் படகுக் கூட்டமும் அங்கிருந்து தெரியும். அடுத்த ஆண்டு அவரை முன்கூட்டியே கூப்பிடலாம். எந்தக் கயிறு எது என்று அப்போது ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கட்டும், கத்தாமல்.